திங்கட்கிழமை முகம்

முட்டை அடை வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் ஷூலிங் முதன்முதலாகத் தன் வகுப்புக் குழந்தை லேலேவின் முகத்தை ஓர் அந்நியனின் கையில் பார்த்தாள். அவளுக்கு முன்னால் நின்றவன் துறைமுகத் தொழிலாளி. ஆரஞ்சு நிறச் சட்டையின் முதுகிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் கைப்பேசித் திரையில் நான்கு மூலைகளிலும் தாமரைப் பூக்கள், மினுமினுக்கும் நட்சத்திரங்கள், மேலே தடித்த மஞ்சள் எழுத்துகளில் 'மறுபடியும் திங்கட்கிழமை! காலை வணக்கம்! வெந்நீர் குடியுங்கள்!' நடுவில் ஒரு குழந்தை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. மஞ்சள் மழைக்கோட்டு, ஒரு காலில் மட்டும் ஷூ, கன்னத்தில் கண்ணீரோடு ஒட்டிக்கொண்ட ஒரு முடிக்கற்றை. பின்னால் நீல மர அலமாரி. அந்த அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பச்சை ஆமையை ஷூலிங் தன் கையாலேயே வெட்டி ஒட்டியிருந்தாள்.

"இந்தப் பயலைப் பாருங்கக்கா," என்று அவன் கடைக்காரம்மாவிடம் திரையை நீட்டினான். "நாம எல்லாரும் மனசுக்குள்ள அழறதை இவன் வாயைத் தொறந்தே அழுதுட்டான்."

"எனக்கும் வந்துச்சுப்பா. எங்க நாத்தனார் விடியறதுக்குள்ள அனுப்பிட்டா." கடைக்காரம்மா அடையைப் புரட்டிப்போட்டுவிட்டுச் சிரித்தாள். "முட்டை ஒண்ணா, ரெண்டா?"

ஷூலிங் ஓரடி முன்னால் வந்தாள். "இது உங்களுக்கு யாரு அனுப்பினாங்க?"

"எங்க சங்கத்துக் குழுவுல வந்துச்சு. ஏன், உங்களுக்கு வேணுமா? அனுப்பட்டா?"

வேண்டாம் என்று தலையாட்டினாள். அடையை வாங்காமலேயே மழையில் இறங்கி நடந்தாள்.

தைவானின் கீலுங் நகரில் மழைக்குக் காலம் கிடையாது. துறைமுகத்துக்குப் பின்னால் மேடேறும் சந்துகளில் ஒன்றின் முடிவில் இருந்தது 'சின்ன ஆமை' மழலையர் இல்லம். ஷூலிங் அங்கே ஒன்பது ஆண்டுகளாக மூன்று வயதுக்காரர்களின் வகுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். பதினைந்து குழந்தைகள், பதினைந்து ஜோடி ஷூக்கள், பதினைந்து பல்துலக்கிகள். இவற்றோடு, எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் சொல்லித்தராத ஒரு வேலையும் உண்டு. நாளொன்றுக்கு ஒரு குழந்தைக்கு இரண்டு படமாவது எடுத்து, பெற்றோர் இருக்கும் வகுப்புக் குழுவில் கைப்பேசி வழியாகப் போட வேண்டும். யாராவது ஒரு குழந்தையின் படம் குறைந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குள் தொலைபேசி வந்துவிடும். "டீச்சர், இன்னிக்கு எங்க யுவான்யுவான் வகுப்புலதான் இருந்தாளா?" என்று மிக மரியாதையாகக் கேட்பார்கள். அந்த மரியாதையில் கத்தி இருக்கும். அதனால் ஷூலிங்கின் ஏப்ரன் பையில் மூக்கு துடைக்கும் தாளுக்குப் பக்கத்தில் எப்போதும் கைப்பேசி இருந்தது. குழந்தை முதன்முறையாகத் தானாகப் பொத்தான் போட்டால் மகிழ்வதற்கு முன் அவள் கை அந்தப் பைக்குள் போயிருக்கும்.

லேலே அழுத படமும் அப்படி எடுத்ததுதான். அது செப்டம்பரின் இரண்டாவது திங்கட்கிழமை. அவன் அம்மா யாலி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். மகனை வாசலில் விட்டுவிட்டு ஓட வேண்டும், கடைசி நிறுத்தம் வரும்வரை கைப்பேசியைத் தொட முடியாது. அன்று லேலே அவள் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து அனுப்பிவைத்தது ஷூலிங். அந்தத் தாய் நாற்பது பயணிகளோடு மலைச்சாலையில் இந்த அழுகையைச் சுமந்துகொண்டு போவாளே என்று நினைத்து மூன்று படங்கள் எடுத்தாள். அழுவது, ஷூவைக் கழற்றுவது, கஞ்சி குடிப்பது. கீழே எழுதினாள்: 'லேலே ஏழு நிமிடம் அழுதான். பிறகு இரண்டு கிண்ணம் கஞ்சி.' ஒரு தாய்க்கு எழுதிய கடிதம் போலத்தான் அதை நினைத்தாள். அந்தக் கடிதத்தை முப்பத்திரண்டு பேர் பிரித்துப் படிக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்ததை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது மழையில் நடக்கும்போது அதுதான் அவளைச் சுட்டது.

நவம்பர் பிறந்தபோது அந்தப் படம் தீவு முழுக்கச் சுற்றிவிட்டிருந்தது. யாரோ தாமரைகளை எடுத்துவிட்டு மழைமேகம் போட்டார்கள். யாரோ 'சம்பள நாள் எப்போது?' என்று எழுதினார்கள். இல்லத்தின் வாசலில் பெற்றோர் அவனை அடையாளம் கண்டு குனிந்தார்கள். "அட, நம்ம திங்கட்கிழமைத் தம்பி! எங்கே, திங்கட்கிழமை காட்டு!" முதல் சில நாட்கள் லேலே விழித்தான். பிறகு என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டான். கண்ணை இறுக மூடி, வாயை அகலத் திறந்து, உதட்டைக் கோணி நிற்பான். சத்தம் வராது. பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சமையல்காரம்மா பிளம் மிட்டாய் ஒன்றை அவன் உள்ளங்கையில் வைப்பாள். வாயை மூடி மிட்டாயைப் பார்ப்பான். மூன்று வயதில் அவனுக்கு ஒரு தொழில் கிடைத்துவிட்டது.

ஷூலிங் தலைமையாசிரியை காவ் மேடத்தின் அறைக்குப் போனாள். காவ் மேடம் கெட்டவள் அல்ல. காய்ச்சல் வந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே மதிய உணவைத் தவறவிட்டவள். அவள் மேசையில் சேர்க்கை விண்ணப்பங்கள் இருந்தன, வழக்கத்தைவிட உயரமாக.

"படத்தை எடுக்கச் சொல்லணும் மேடம். எல்லாக் குழுவுக்கும் எழுதணும். நம்ம வகுப்புக் குழுவையும் மூடணும்."

"எடுக்கச் சொல்லி யாருக்கு எழுதுவ? ஜனாதிபதிக்கா?" காவ் மேடம் தேநீரை ஊதினாள். "ஷூலிங், பிள்ளைங்க குறைஞ்சு பக்கத்துத் தெருவுல ரெண்டு இல்லத்தை மூடிட்டாங்க. நமக்கு இப்ப பெயர்ப் பட்டியல் நிரம்பி வழியுது. அந்த அலமாரி ஆமையைப் பார்த்துட்டு ஒரு அம்மா தாய்பெய்ல இருந்து கூப்பிட்டுக் கேக்கறாங்க."

"அவன் அழறான் மேடம். அது விளம்பரம் இல்ல."

"எந்தக் குழந்தைதான் முதல் மாசம் அழலை? அசிங்கமா ஒண்ணும் இல்லையே. அழகாத்தானே இருக்கான்." இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். "அவங்க அம்மா கையெழுத்து. மூணாவது வரி. கல்வி நடவடிக்கைகளுக்காகப் படங்களைப் பயன்படுத்தச் சம்மதம். இந்தத் தாளை வாங்கினது யாரு? நீதான்."

உண்மைதான். யாலி சீருடையோடு நின்றபடியே, தாளைச் சுவரில் அழுத்தி, மூன்றாவது வரியைப் படிக்காமல் கையெழுத்திட்டாள். 'இங்கேயும் இங்கேயும்' என்று விரல்வைத்துக் காட்டியவள் ஷூலிங்.

அடுத்த வாரம் அது நடந்தது. மதியத் தூக்கத்துக்கு முன் குழந்தைகள் கழிப்பறைக்கு வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஷூலிங் உள்ளே மெத்தைகளை விரித்துக்கொண்டிருந்தாள். வெளியே அலமாரிக் கதவு அறைந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு துணை ஆசிரியை பெய்ஷானின் சிரிப்பு.

"ஷூலிங் அக்கா, ஓடி வாங்க! இன்னிக்குத்தான் அசல் மாதிரியே செய்றான். கண்ணுல தண்ணிகூட வருது, பாருங்க!"

ஷூலிங் எட்டிப் பார்த்தாள். லேலே அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கண் மூடி, வாய் அகலத் திறந்து, உதடு கோணி. பெய்ஷான் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். சமையலறைக் கதவில் சமையல்காரம்மா ஈரக் கையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். ஷூலிங்கின் உதடும் விரிந்தது. பிற்பாடு எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அதை மட்டும் அவளால் இல்லை என்று சொல்லிவிட முடியவில்லை. ஒரு மூச்சு நேரம் அவளும் புன்னகைத்தாள். பிறகுதான் அவன் வலக்கை அலமாரியோடு ஒட்டியிருப்பதைக் கண்டாள். ஆமை ஒட்டிய கதவு நடுவிரலின் மேல் மூடிக்கிடந்தது.

கதவைத் திறந்து விரலை எடுத்தபோது நகம் கருநீலமாகியிருந்தது. அவன் அப்போதும் கத்தவில்லை. சத்தம் வராத அந்த வாய் அப்படியே திறந்திருந்தது. மூன்று பெரியவர்களும் ஒரு கைப்பேசியும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குழந்தை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. சொல்வதற்கு அவனிடம் இருந்த ஒரே வழியை அவர்கள் எப்போதோ பிடுங்கி மிட்டாய்க்கு விற்றுவிட்டார்கள்.

"நான் வேணும்னு செய்யலக்கா," பெய்ஷான் கைப்பேசியைத் தாழ்த்தினாள். "சத்தியமா நடிக்கிறான்னுதான் நெனச்சேன்."

"அதை அழி."

"அழிச்சிடறேன்."

"என் முன்னாடி அழி."

எலும்புக்கு ஒன்றுமில்லை, நகம் விழுந்து முளைக்கும் என்றார் மருத்துவர். யாலி வேலை முடிந்து மருத்துவமனைக்கு வந்தபோது அவள் சீருடையின் தோள்கள் நனைந்திருந்தன. கட்டுப்போட்ட விரலை முத்தமிட்டாள். லேலே தூங்கிப்போனான். மருந்து வாங்கும் வரிசைக்கு எதிரில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஷூலிங் எதையும் மறைக்கவில்லை. கதவு, சிரிப்பு, தன் புன்னகை, எல்லாவற்றையும் சொன்னாள்.

யாலி மகனின் விரல் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "போன மாசம் கண்ணாடியில பார்த்தேன் டீச்சர். எனக்குப் பின்னாடி சீட்டுல ரெண்டு ஸ்கூல் பொண்ணுங்க. போனைப் பார்த்துச் சிரிக்குதுங்க. சிவப்பு விளக்குல நின்னப்ப திரும்பிப் பார்த்தா, என் பிள்ளை."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? இறங்கறப்ப அதுங்க, 'டிரைவர் அக்கா, இதைப் பாருங்க, செம காமெடி'ன்னு காட்டுச்சுங்க. நானும் சிரிச்சேன்." அவள் மகனின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "என் பையன்னு சொல்லல. காலையில பெத்த பிள்ளையை அழவிட்டுட்டு வண்டி ஓட்ட வந்த அம்மா யாருன்னு அப்ப அதுங்களுக்குத் தெரிஞ்சுடுமே."

ஷூலிங்குக்கு யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். முகம் தெரியாத லட்சம் பேர் காலையில் பல்கூடத் துலக்காமல் தாமரைப் பூவோடு அனுப்பிவைத்த அன்பின் மேல். மூன்றாவது வரியின் மேல். தன் ஏப்ரன் பையின் மேல்.

டிசம்பரின் முதல் சனிக்கிழமை இல்லத்தின் இருபதாம் ஆண்டு விழா. ஷூலிங் காலையில் வந்தபோது சந்துக்கு மேல் புதிய பேனர் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே பிரதான சாலையில் போகும் பேருந்திலிருந்துகூடத் தெரியும் அளவுக்குப் பெரியது. லேலேவின் திறந்த வாய் ஓர் ஆள் உயரம். 'திங்கட்கிழமையும் இங்கே இனிக்கும்!'

"கண்ணை மங்கலாக்கச் சொல்லிட்டேன், பாரு," என்றாள் காவ் மேடம், அவள் கேட்பதற்கு முன்பே. உண்மைதான். கண்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று ஓடியது. கண்களை மறைத்தும் அந்த முகம் இன்னார் முகம் என்று நகருக்கே தெரிந்திருந்தது.

கூடத்தில் ஆட்டமும் பாட்டும் முடிந்ததும் காவ் மேடம் மைக்கைப் பிடித்தாள். "நம்ம இல்லத்தை நாடு முழுக்கக் கொண்டுபோன கலைஞர் ஒருத்தர் நம்ம குடும்பத்துலயே இருக்காரு. எனக்கே நேத்துதான் தெரியும். ஹோங் தாத்தா, மேல வாங்க!"

யுவான்யுவானின் தாத்தா எழுந்தார். வெள்ளைச் சட்டை, வெட்கம் கலந்த சிரிப்பு, வழுக்கையில் விளக்கு வெளிச்சம். முதியோர் கைப்பேசி வகுப்பில் காலை வணக்கப் படம் செய்யச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுத்தார்களாம். தாமரையை எங்கே தொட வேண்டும், எழுத்தை எப்படி வளைக்க வேண்டும் என்று மூன்று நாள் பழகினாராம். வகுப்பிலேயே அதுதான் முதல் பரிசு. கூடம் கைதட்டியது. தெரியாமல்தான் செய்திருக்கிறார் என்று ஷூலிங் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவளையறியாமல் கேட்டாள்.

"தாத்தா, அன்னிக்கு நான் யுவான்யுவான் படமும் போட்டிருந்தேனே. அவ சிரிச்சுக்கிட்டு இருந்தா. அதை ஏன் எடுக்கல?"

"ஐயோ டீச்சர், மருமக என்னைக் கொன்னே போட்டுடுவா!" தாத்தா மைக்கிலேயே சிரித்தார். "எம் பிள்ளை படம் வெளிய ஒண்ணுகூடப் போகக் கூடாதுன்னு கறாராச் சொல்லிட்டா. அங்க கண்ட கண்ட ஆளுங்களும் இருக்காங்களாமே. இந்தத் தம்பி வீட்டுலேருந்து குழுவுல யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. அதனால..."

அவர் மைக்கைத் தாழ்த்தினார். சிரிப்பு மெதுவாக இறங்கியது. இரண்டாம் வரிசையில் யுவான்யுவானின் அம்மா மகளின் பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னத் தொடங்கினாள், தலை நிமிராமல்.

காவ் மேடம் சட்டென்று சமாளித்தாள். "சரி சரி! இப்ப நம்ம நட்சத்திரம்! லேலே, மேல வா கண்ணு. எல்லாருக்கும் ஒரு திங்கட்கிழமை காட்டு!"

லேலே படியேறினான். கட்டுப்போட்ட விரலைத் தனியாக நீட்டிக்கொண்டு, மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு மேடை நடுவில் நின்றான். அறுபது எழுபது கைப்பேசிகள் உயர்ந்தன. அவன் அவற்றைப் பார்த்தான். கண்ணை மூடினான். வாயைத் திறந்தான்.

ஷூலிங் எப்படி மேடைக்குப் போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவனைத் தூக்கி முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். "போதும்," என்றாள். மைக் பக்கத்திலிருந்ததால் அந்தச் சொல் கூடம் முழுக்கக் கேட்டது. "எல்லாரும் போனைக் கீழே போடுங்க. இது இவனோட மூஞ்சி."

தோளில் கிடந்த லேலே அவள் காதில் மெதுவாகக் கேட்டான். "டீச்சர், மிட்டாய்?"

திங்கட்கிழமை விடியற்காலையில் இல்லத்தின் பூட்டைத் திறந்ததும் அவள் முதலில் கத்தரிக்கோலைத் தேடினாள். குழந்தைகளின் கத்தரிக்கோல், முனை மழுங்கியது. பேனர் கயிறு தடிமனாக இருந்தது. ஏணியில் நின்று அறுத்து அறுத்து நான்கு முடிச்சுகளையும் விடுவிக்க வெகுநேரம் பிடித்தது. நனைந்த துணி முழுப் பாரத்தோடு அவள்மேல் சரிந்தது. அந்தப் பெரிய வாயை உள்பக்கமாக மடித்து, இன்னும் மடித்து, அலமாரியின் மேல் வைத்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து வகுப்புக் குழுவில் எழுதினாள். 'இன்று முதல் படங்கள் வராது. ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் அதனதன் வீட்டுக்கு மட்டும் எழுதுவேன்.' கைப்பேசியை அணைத்துத் அலமாரியில் தன் ஷூ வைக்கும் அறையில் வைத்து மூடினாள்.

காவ் மேடம் வந்து ஏணியைப் பார்த்தாள், பேனர் இல்லாத சந்துமுனையைப் பார்த்தாள். கத்தவில்லை.

"இதுக்குள்ள அஞ்சு வீட்டுலேருந்து கூப்பிட்டுட்டாங்க. படம் இல்லன்னா உள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"என்னைக் கேக்கச் சொல்லுங்க."

"சாயங்காலம் என் அறைக்கு வா. சாவிக்கொத்தையும் எடுத்துட்டு வா."

"வரேன் மேடம்."

ஏழு மணி ஆகும்போது சந்தின் கீழ்முனையில் யாலியின் பெரிய குடை தெரிந்தது. பேருந்துக் கழகத்தின் மஞ்சள் குடை. லேலே அவள் கையைப் பிடித்துக்கொண்டு குட்டைகளைத் தாண்டி வந்தான். பேனர் இல்லாத இடத்தை யாலி அண்ணாந்து பார்த்தாள். குனிந்து மகனின் மழைக்கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள். எழுந்து ஓரடி பின்னால் வைத்தாள்.

லேலேவின் கை நீண்டு அவள் கால்சட்டையைப் பிடித்தது. கட்டுப்போட்ட விரல் மட்டும் மடங்காமல் நின்றது. அவன் முகம் கோணியது. வாய் திறந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த பெற்றோர் நின்றார்கள். யாரோ, "ஆரம்பிச்சுட்டான், திங்கட்கிழமை!" என்றார்கள். பழக்கத்தில் ஒரு கை சட்டைப் பைக்குள் போனது. லேலே அந்தக் கையைப் பார்த்தான். திறந்த வாய் பாதியில் தயங்கியது.

ஷூலிங் யாலியின் கையிலிருந்து குடையை வாங்கினாள். மழையைப் பார்த்து அல்ல, சந்தில் நின்றவர்களைப் பார்த்து அதைச் சாய்த்தாள். மஞ்சள் துணி வாசலை அடைத்து நின்றது. உள்பக்கம் ஒரு தாயும் ஒரு மகனும். வெளிப்பக்கம் மழையும் மற்றவர்களும்.

சிறிது நேரம் குடையின் மேல் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து ஓர் அழுகை எழுந்தது. முதலில் கரகரத்து, பிறகு தொண்டை திறந்து, சந்தின் கடைசி வீடுவரை போகும் அளவுக்கு ஓங்கி. குடைக்கம்பி அவள் உள்ளங்கையில் அதிர்ந்தது. அவள் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை.